முன் சீட்டில் ஆள் இருக்கிறது

நேற்று மேம்பாலத்து ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஒரு சரக்கு வண்டி திணறி நின்றது. கிளட்ச் கருகும் வாடை. ஸ்கூட்டர்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் சாம்பிராணிப் புகைக்கு முன்னால் நிற்பவனைப் போல வெட்கமில்லாமல் இழுத்துக்கொண்டேன். அந்த வாடைக்குப் பின்னாலேயே நனைந்த தார்ப்பாய் வந்தது, தார்ப்பாய்க்குப் பின்னால் ஈரச்சாக்கில் காப்பிப் பழம், சாக்குக்குப் பின்னால் மூடுபனி. கடைசியாக, கொஞ்சம் தாமதமாக, ஒரு குரல்:

“ஏனுங்க தொரை, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?”

தொரை என்று அவர் அழைத்தது எந்த எஸ்டேட் முதலாளியையும் அல்ல. இயேசுவை. எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அப்பனுக்கும் பாட்டனுக்கும் வேலை ஏவியவரைத் தொரை என்றே கேட்டு வளர்ந்த வாய் அது. மேலேயும் ஒரு தொரை இருக்கிறார், அவரும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு மேற்பார்வைக்கு வருகிறார், ஆள் கிடைக்காத வேலையையெல்லாம் என் தலையில் கட்டுகிறார். அவருடைய இறையியல் இவ்வளவுதான். இதற்கு மேல் தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஐம்பதைத் தொட்ட ஜீப் டிரைவர். சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து நாகலூர், கொட்டச்சேடு என்று ஓட்டுவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேலத்துக்கு இறங்குவார். பஸ் விட்டுவிட்டுப் போகிற எல்லாம் அவருடைய சவாரி. மிளகு பறிக்கும் பெண்கள், கேஸ் சிலிண்டர், பலாப்பழம், பல்வலிக்காரர், பிரசவக்காரி. நாகலூர் சாலையில் அவர் வீட்டின் பின்கட்டில் இரண்டு வருடம் நான் குடியிருந்தேன். எந்த ஊரிலும் மூன்றாவது மழையைப் பார்க்காதவன் நான். அந்த மலையிலும் பார்க்கவில்லை.

அந்த ஜீப்பின் முன் சீட்டில், டிரைவருக்கு இடப்பக்கம், யாரும் உட்காரக் கூடாது. பின்னால் பன்னிரண்டு பேர் ஒருவர் மடியில் ஒருவராக நசுங்கி வருவார்கள். முன்னால் அந்தச் சீட்டு துடைத்து வைத்த தாம்பாளம் போலக் காலியாக வரும். ஒருமுறை ஓர் எஸ்டேட் மானேஜர், கார் நின்றுபோய் மழையில் மாட்டிக்கொண்டவர், உரிமையோடு முன்கதவைத் திறந்தார்.

“அங்க ஆளு இருக்குதுங்க.”

“எங்கய்யா?”

“உங்களுக்குத் தெரியாதுங்க. பின்னால ஏறுங்க.”

மானேஜர் பின்னால் ஏறி ஒரு பலாப்பழத்துக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். “குடிச்சிருக்கானா?” என்று என் காதில் கேட்டார்.

பதில் சொன்னது எதிரே இருந்த மிளகுக்காரப் பெண். “அய்யோ, தொடமாட்டாருங்க. குடிக்காமயே இப்படித்தானுங்க.”

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருவது “முடியாதுங்க.” ஆனால் அது மலையடிவாரத்து முடியாது. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல் வளைவில் எருமை மாதிரிக் குறுக்கே படுத்துக் கிடக்கும் அந்த முடியாது, ஐந்தில் எழுந்து நிற்கும், பத்தில் வாலை ஆட்டும், பதினைந்தில் ஆளையே காணோம். இருபதாவது வளைவில் வண்டி மூச்சு வாங்கி நிமிரும்போது, “சரி, பாக்கலாமுங்க” என்பார். நடுவில் உள்ள தூரம் முழுக்க முன் சீட்டைப் பார்த்துத் திட்டு நடக்கும். மரியாதை குறையாத திட்டு. ஒவ்வொரு வசவுக்கும் ஓர் ‘ங்க’.

அவருடைய சித்தப்பா வீட்டுக் கூரையை மழை பிய்த்துக்கொண்டு போனது நான் வருவதற்கு முந்தைய வருடம். ஆறு பேர் போக்கிடமில்லாமல் நிற்கிறார்கள் என்று சேலத்தில் சேதி கேட்டு அவர் மலை ஏறிய கதையை, ஜீப்பில் வரும் பெண்கள் எனக்கு நடித்தே காட்டினார்கள்.

மூன்றாவது வளைவில்: “ஆறு பேருங்க தொரை! எங்க படுக்க வெப்பேன், உங்க சிலுவை மேலயா? எங்கப்பன் சாவுக்கு வந்து, கொழம்புல கறியில்லீன்னு கோவிச்சுட்டுப் போனவருங்க எங்க சித்தப்பன்.”

ஒன்பதில்: “சித்தி பாவமுங்க. அது வேற கணக்கு.”

பதிமூன்றில்: “ஊட்டுல பாயி எத்தனை கெடக்குதுன்னு தெரியலீங்க.”

பின்னால் இருந்த ஒருத்தி தொடையைத் தட்டிக் கூவினாளாம். “பதிமூணுல உழுந்துட்டாருடி!” பத்து நாளைக்கு என்று வந்த ஆறு பேர் ஏழு மாதம் இருந்தார்கள். அந்த ஏழு மாதமும் அவர் ஜீப்பில் படுத்துக்கொண்டார். “எடுத்துட்டு வர்றது என் வேலை. எறக்கி வெக்கறது அவரு வேலைங்க” என்பது அவர் அடிக்கடி சொல்வது. சிலிண்டருக்கும் சொல்வார், சித்தப்பாவுக்கும் சொல்வார்.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஆகாமலும் இருந்தது. மூன்றாவது வருடம் மனைவி வேறொருவரோடு வடக்கே போய்விட்டாள். கோர்ட்டில் தீர்ந்தாலும் கத்தோலிக்கக் கோயிலில் தீராது. மனைவி உயிரோடு இருக்கிறவரைக்கும் மறுமணம் இல்லை. அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஆயர் இல்லம் சொன்னால்தான் வழி. அதற்காக அவர் ஒன்பது வருடம் நடந்தார். பெண்ணுக்குச் சம்மதமே இல்லை, அம்மாக்காரியின் பிடிவாதத்தில் கழுத்தை நீட்டினாள் என்று சாட்சிகள் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை முத்திரை வைத்த கடிதம் வந்தது. செல்லாது. அப்படியென்றால் அவள் அவருக்கு மனைவியாக இருந்ததே இல்லை. அவளைப் பெற்றவள் இவருக்கு மாமியாராக இருந்ததும் இல்லை.

வியாழக்கிழமை சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன். “உங்க மாமியாரை டிஸ்சார்ஜ் பண்றோம். வந்து கூட்டிட்டுப் போங்க.”

மகள் ஓடிய பிறகு அந்த அம்மாள் கத்தோலிக்கக் கோயிலை விட்டுவிட்டு, சேலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கூடும் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்திருந்தாள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு போயிற்று. சபைக்காரர்கள் சேர்த்தார்கள், முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், வீட்டோடு வைத்துக்கொள்ள யாராலும் முடியவில்லை. மகளின் நம்பர் வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் வேறு நம்பர் கேட்டபோது அந்த அம்மாளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றுதான். பொண்டாட்டியை வைத்துக் காப்பாற்ற வக்கில்லாதவன் என்று பல வருடம் வாராவாரம் கூப்பிட்டுத் திட்டிய எண்.

“முடியாதுங்க” என்றார் போனில். பிறகு சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஆயர் இல்லத்துக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். “நேர்ல காட்டிச் சொல்லிப்போட்டு வந்தர்றேன். சாரு, நீங்களும் வாங்க. இங்கிலீசுல கேட்டா சொல்றதுக்கு ஆளு வேணும்.”

வளைவுகள் இறக்கத்தில் தலைகீழாக வரும் என்பதை அன்றுதான் யோசித்தேன். இருபதிலிருந்து ஒன்றுக்கு. அவருடைய முடியாது வழக்கத்துக்கு மாறாக வளர்ந்துகொண்டே போயிற்று. அடிவாரம் சேர்ந்தபோது அது ஒரு முழு எருமை.

வார்டில் மின்விசிறி சுற்றியதாகப் பேர், காற்று இல்லை. கட்டிலில் ஒரு சின்ன உருவம், பெரிய கண்கள்.

“வந்துட்டியா டிரைவரு? எந்நேரம் சொன்னது, எந்நேரம் வர்றே? பிரேக் புடிச்சுக்கிச்சா?”

நர்ஸ் தாளும் பேனாவுமாக நின்றாள். “நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?”

“அதைத்தான் சிஸ்டர் சொல்ல வந்தேன்” என்று அவர் கடிதத்தை உருவினார். பிரித்தார். அந்த அம்மாளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. துடைக்க அவளுக்குக் கை எழும்பவில்லை. அவர் கடிதத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. கை அந்தக் கடிதத்தால் விசிற ஆரம்பித்திருந்தது. இவள் இவனுக்கு யாரும் அல்ல என்று முத்திரை வைத்துச் சொன்ன காகிதத்தில் நல்ல கனம்; காற்று ஜோராக வந்தது.

“சொல்லுங்க, என்ன வேணும்?”

“மருமகன்னு எழுதிக்கோங்க” என்றார், விசிறியபடியே.

ஜீப்பின் பின்பக்கம் உயரம். அந்த அம்மாளால் ஏற முடியாது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்கதவுக்கு வந்தார். நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார்.

“தொரை, கொஞ்சம் எந்திரிங்க. பின்னால போயி சாரு பக்கத்துல உக்காருங்க. கால் ஒடஞ்ச பொம்பளைங்க.”

ஒருவர் இறங்கிச் சுற்றி வந்து ஏறுவதற்கு ஆகும் நேரம் காத்திருந்தார். பிறகுதான் அவளைத் தூக்கி வைத்தார். எனக்குக் கோயிலும் கிடையாது, குளமும் கிடையாது. ஆனாலும் பின்சீட்டில் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று ஏறும்போது அவர் வாயே திறக்கவில்லை. திட்டுவதற்கு முன்னால் ஆள் இல்லையே. பேசியது அந்த அம்மாள்தான். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு, சபையில் பழகிய அந்நிய பாஷையில் வேகவேகமாக ஜெபித்தாள். ஏழாவது வளைவில் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அத்தை, திட்டறதுன்னா தமிழ்லயே திட்டுங்க. எனக்கும் புரியோணுமில்ல?”

“உன்னையத் திட்டலடா. நீ ஓட்டற லட்சணத்துக்கு ஆண்டவரைக் கூப்புடறேன்.”

“கூப்புட வேண்டாமுங்க. பின்னாலதான் உக்காந்திருக்கறாரு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகம் திருப்தி தரவில்லை போலும். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வீட்டில் அதன் பிறகு ஒரு சின்னச் சமயச் சண்டை நிரந்தரமாகக் குடியேறியது. சுவர் மாடத்தில் அந்தோணியார் சுரூபம் ஒன்று இருந்தது. விக்கிரகத்துக்கு முன்னால் ஜெபிக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் காலையில் அதன் மேல் துண்டைப் போர்த்துவாள். அவர் மத்தியானம் சோற்றுக்கு வரும்போது எடுப்பார்.

“ஏனுங்க அத்தை, அந்தோணியாரு மூச்சு உட வேண்டாமா?”

“பனி எறங்குதுல்ல. குளுருமேன்னு போத்தி உட்டேன். நல்லதுக்குக் காலமில்ல.”

ஆறு வாரத்தில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சமையலறையில் நின்று உப்பில்லை, புளியில்லை என்றாள். வெளியில் எங்கே போனாலும் முன் சீட்டு அவளுடையது. ஜீப்பில் வரும் பெண்கள் முதலில் அதிர்ந்தார்கள். பிறகு பின்பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஆள் இடம் விட்டு உட்காரப் பழகிவிட்டார்கள், யாரும் சொல்லாமலே.

ஆனால் ஒருவருக்கு அந்தச் சேதி இனிக்கவில்லை. ஒன்பது வருடம் அந்தக் கடிதத்துக்காக அவரோடு காத்திருந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் சமையல்காரி. நாற்பத்தைந்து வயது, கல்யாணமாகாதவர். ஜீப் வாசலில் சாயங்காலம் நிற்கும். இவர் காய்கறி மூட்டையை இறக்குவார். சமையல்காரம்மா ஒரு டம்ளர் காப்பி நீட்டுவார். அவர்களுடைய காதல் மொத்தமும் அந்த டம்ளருக்குள் அடங்கும். கல்யாணத் தேதி குறித்தாயிற்று. வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலை வாசித்த மறுநாள், விடுதிப் பின்வாசலில், ஜீப்புக்குள் நான் உட்கார்ந்திருப்பதைப் பொருட்படுத்தாமல் அந்த அம்மா பேசினார்.

“இருவத்திரெண்டு வருசமா நூத்திநாப்பது தட்டுக்குச் சோறு போட்டவ நானு. எனக்குன்னு ரெண்டே தட்டு இருக்கற ஊடு ஒண்ணு குடுங்கன்னு ஆண்டவருகிட்ட கேட்டேன். நகை கேக்கலீங்க, நட்டு கேக்கலீங்க. ரெண்டு தட்டு.”

“இப்ப மூணாச்சு” என்றார் இவர் மெதுவாக.

“மூணாவது தட்டு யாருது? உங்களைய உட்டுப்போட்டுப் போனவளைப் பெத்தவ. நாளைக்கு எதைக் கேட்டாலும், எம்புள்ள இருந்தப்ப அப்படி, எம்புள்ள இருந்தப்ப இப்படிம்பாங்க. நான் சோத்துல கல்லுப் பொறுக்குவேனா, பேச்சுல கல்லுப் பொறுக்குவேனா?”

“அதுங்க…”

“மூணாவது ஓலைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லீன்னா நானே சாமியாருகிட்டப் போயி நிறுத்தச் சொல்லிர்றேன்.” டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது பாதிதான் காலியாகியிருந்தது.

இனி அவர் ஏதாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் விசாரிப்பார், சபைக்காரர்களிடம் பேசுவார், குறைந்தது சமையல்காரம்மாவின் காலிலாவது விழுவார். ஒன்றும் செய்யவில்லை. சேலம் போனார், வந்தார். ஏறும்போது, அத்தை வீட்டிலிருந்த நாளிலும், பின்கண்ணாடியைத் தன் பக்கம் சாய்த்து, என் தோளுக்கு அருகில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துத் திட்டினார். “ஒம்பது வருசம் நடக்க வெச்சு, கடுதாசியக் கையில குடுத்து, மூணாம் நாளே இப்படிப் பண்ணுவீங்களா? நீங்க பெரிய எடம்தானுங்க, அதுக்குன்னு இப்படியா?” இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. இருபதாவது வளைவில் “சரி, பாக்கலாமுங்க” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, இதுக்குப் பேரு விசுவாசமா, சோம்பேறித்தனமா?”

வண்டியை ஓரம் கட்டினார். நிஜமாகவே யோசித்தார்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானுங்க இருக்குது” என்றார். “எனக்கும் அப்பப்ப சந்தேகம் வரும். ஆனா ஒண்ணுங்க சாரு. அத்தைய எறக்கி உட்டுப்போட்டு இந்தப் புள்ளைய ஏத்துனா, அப்பறம் இதையும் எங்காச்சும் எறக்கி உட்டுருவேன்னு இதுக்கே பயம் வராதா? நான் யாரையும் எறக்கப் போறதில்லீங்க. எறக்கறது அவரு வேலை.”

“அவரு எறக்கலேன்னா?”

“அப்ப எல்லாருமா நெருக்கி உக்காரோணும்.” கியரைப் போட்டார். இரண்டு தடவை நழுவி, மூன்றாவதில்தான் விழுந்தது. அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு நானும் பூசைக்குப் போனேன். பக்தியால் அல்ல, பதற்றத்தால். வெளியே மேகம் தரைவரை இறங்கியிருந்தது. சமையல்காரம்மா பெண்கள் பக்கம் முன்வரிசையில், விடுதி அடுப்பிலிருந்து நேராக வந்த முகத்தோடு. இவர் ஆண்கள் பக்கம் தூணோரமாக. சாமியார் ஓலையை எடுத்தார், பெயர்களை வாசித்தார், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். எல்லாக் கோயிலிலும் அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஓர் இருமல் வரும், அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியுமுங்க.”

குரல் கடைசி வாசலிலிருந்து வந்தது. அந்த அம்மாள். பதினெட்டு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவள், வாக்கரில் சாய்ந்து, தலையில் முக்காடோடு நின்றுகொண்டிருந்தாள். விடுதிப் பின்வாசல் பேச்சு ஜீப்பில் வரும் பெண்கள் வழியாக அவள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்; ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். மொத்தக் கோயிலும் திரும்பியது. சுரூபங்கள் மட்டும் திரும்பவில்லை.

“அம்மா, அதைப் பூசை முடிஞ்சு தனியா வந்து…” என்றார் சாமியார். சின்ன வயது. காது சிவந்துவிட்டது.

“தடையிருந்தாச் சொல்லோணும்னீங்க, சொல்றேன். ரெண்டு இருக்குது. ஒண்ணு, இவன் குறட்டை உடுவான். ஊடே ஆடும். இதை அந்தப் புள்ளைகிட்ட யாராச்சும் சொன்னீங்களா? மறைச்சுக் கட்டி வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. எம்புள்ளைக்கு இஷ்டமில்லீங்கறதை இவங்கிட்ட மறைச்சு, இதே பீடத்துல கட்டி வெச்சவ நானு.”

சிரிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“ரெண்டாவது தடை நாந்தான். துணிமணியெல்லாம் கட்டி வெச்சுட்டேன். சாயந்தரம் சபைக்காரங்க வண்டி அனுப்பறாங்க. எங்கியாச்சும் இருந்துக்குவேன். நீங்க கல்யாணத்தை நடத்துங்க, சாமி.”

சாமியார் புத்தகத்தைப் பார்த்தார். இதற்கு அதில் ஒன்றும் இல்லை. அப்போது முன்வரிசையில் சமையல்காரம்மா எழுந்தார்.

“குறட்டை எனக்குத் தெரியுமுங்க, சாமி.”

கோயில் மூச்சை இழுத்தது. யாரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

“ஆஸ்டல் வாசல்ல ஜீப்ப நிறுத்திப்போட்டுத் தூங்குவாருங்க. நூத்திநாப்பது புள்ளைங்களுக்கும் தெரியும். சிஸ்டருங்களுக்கும் தெரியும்.” முன்வரிசைக் கன்னியாஸ்திரி ஒருவர் அவசரமாகத் தலையாட்டினார். கூரை இடியும்படி சிரிப்பு. அது அடங்கும்வரை சமையல்காரம்மா காத்திருந்தார். பிறகு நடுப்பாதையில் நடந்தார், செருப்பில்லாத கால்களோடு, வாசல்வரைக்கும். வாக்கரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நூற்றிநாற்பது தட்டு வைத்துப் பழகியவருக்குப் பசி எது, வீம்பு எது என்று முகத்தைப் பார்த்தே தெரியும் போலும்.

“அந்த ரெண்டாவது… மொதல்ல உக்காருங்க, அத்தை. காலு நடுங்குது.”

அத்தை. கோயில் சட்டப்படி அந்த உறவு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வராது.

இவர் தூணில் தலையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பிறகு கேட்டேன், நன்றி சொன்னீங்களா என்று. “நன்றியா? ‘இதை ரெண்டு வாரம் முன்னாலயே பண்ணியிருக்கலாமுங்க தொரை, ஒரு கிலோ எளைச்சுட்டேன்’னு சொன்னேன்.”

வெளியே, மேகத்துக்குள், சமையல்காரம்மா அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “மூணு தட்டு. ஆக்கிப் போடறது நானு. கழுவறது நீங்க. அவங்க பேச்சுல கல்லு வந்தா நான் திருப்பி எறிவேன், நடுவுல வரக்கூடாது.”

“முடியாதுங்…” என்று பழக்கத்தில் ஆரம்பித்தார். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார். மலை ஏறாமலே, நின்ற இடத்திலேயே, “சரிங்க” என்றார்.

கல்யாணச் சாப்பாட்டில் மணப்பெண்ணே இரண்டு தடவை எழுந்து போய் உப்புப் பார்த்தார். பெந்தெகொஸ்தே அத்தை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வர மாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்து, பாயசத்தை மட்டும் மூன்று முறை வாங்கினாள். அந்தோணியாருக்குத் துண்டு போர்த்துவது நிற்கவில்லை. புது மருமகள் அதை எடுத்துத் துவைத்து, காயவைத்து, மறுபடியும் மாடத்துக்குப் பக்கத்திலேயே மடித்து வைப்பதாகத் தகவல்.

மூன்றாவது மழை தொடங்கும் முன் நான் கிளம்பினேன். அத்தைக்கு அன்று சேலத்து ஆஸ்பத்திரியில் காலைக் காட்டும் நாள். அவள் முன் சீட்டில். நான் பின்னால், என் இரும்புப் பெட்டியைப் பெஞ்சில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. உள்ளே முழுக்கப் புத்தகம், நல்ல பாரம். இறங்கும் வழியெல்லாம் அத்தை எனக்காக ஜெபித்தாள், இம்முறை தமிழில், நான் ஒரு ஊரில் நிலைக்க வேண்டும் என்று. இருபது வளைவுக்குள் அவர் பின்கண்ணாடியில் இரண்டு மூன்று முறை பார்த்தார்.

ரயில்வே ஜங்ஷன் வாசலில் பெட்டியை அவரே இறக்கி வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார். தயங்கினார்.

“சாரு, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்கண்ணே.”

“வழியிலயே சொல்லலாம்னு பாத்தேன், அத்தை ஜெபம் நிக்கல. நீங்க பாட்டுக்குப் பொட்டியத் தூக்கி அவரு மடி மேல வெச்சுட்டீங்க. மலை பூரா சொமந்துட்டே வந்தாரு.”

நான் பின்பெஞ்சைப் பார்த்தேன். அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கிளட்ச் லேசாகக் கருகியது.

“பரவால்லீங்க, போயிட்டு வாங்க. அவருக்கு அது பழக்கந்தான்.”